பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

தமிழ்நாட்டில் வீட்டில் பிரசவம் பார்ப்பது ஏறக்குறைய நின்றே போய்விட்டது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடு. இந்திய சராசரி 41.8தான். இதுவரை நமக்குப் பெருமை. அதே கணக்கெடுப்பில் அடுத்த வரிக்குப் போனால் நிலைமை தலைகீழாகிறது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் இந்திய அளவில் 63.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55.1. முதல் மணி நேரத்தில் நாட்டையே முந்தி நிற்கும் மாநிலம், அதன் பிறகு வரும் வாரங்களில் நாட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது.

இந்தச் சரிவுக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் தொடங்கி பேருந்து நிலையம் வரை தாய்ப்பாலின் மேன்மையை எழுதி வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் உலகத் தாய்ப்பால் வாரம் என்று பேரணியும் உறுதிமொழியும் நடக்கின்றன. மாசமாக இருக்கும் பெண் யாரைக் கேட்டாலும் "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்" என்று சொல்வாள். அவளுக்குத் தெரியும், செய்யவும் விரும்புகிறாள். குழந்தை பிறந்த நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிட்டு அழுது, மார்பு கல்லாய் இறுகி, காம்பில் ரத்தம் கசியும்போது அவளுக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாய்ப்பால் ஏன் நல்லது என்று சொல்வதில் நாம் செலவிட்ட உழைப்பில் பாதியைக்கூட, அதை எப்படிக் கொடுப்பது என்று கூட இருந்து காட்டுவதில் செலவிடவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

அந்த முதல் நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான்.

சீம்பால் கர்ப்பத்தின் நடுவிலேயே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் சடாரென்று குறைகிறது. பால் பெருகுவதற்கு உடம்புக்குக் கிடைக்கும் சமிக்ஞை அது. ஆனால் பெருக்கம் உடனே வராது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் மார்பு கனக்கும். அதுவரை கிடைப்பது சீம்பால் மட்டும். முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் சீம்பால் சராசரியாக 37 மில்லி என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று சொல்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் ஏழெட்டு தேக்கரண்டி! நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு அது போதும். சுற்றி நிற்கும் பெரியவர்களுக்குத்தான் போதவில்லை. பிழிந்து பார்த்தால் மஞ்சளாக இரண்டு சொட்டு வருகிறது. பிள்ளையோ அரை மணிக்கு ஒரு தரம் வாய் திறக்கிறது. "பால் பத்தல" என்ற பேச்சு அந்த அறையில் பிறந்துவிடுகிறது.

அதன் பிறகு நடப்பது ஒரு சங்கிலி. பால் பவுடரைக் கரைத்து முப்பது மில்லி கொடுக்கிறார்கள். குழந்தை மூன்று நான்கு மணி நேரம் அசந்து தூங்குகிறது. "பசியாத்தான் இருந்திருக்கு, பாரு" என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நேரத்தில் குடித்திருக்க வேண்டிய இரண்டு வேளைப் பால் மார்பிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய பால் சுரப்பைத் தானே மட்டுப்படுத்தும். மார்பு காலியாகக் காலியாகத்தான் புதிதாக ஊறும். குழந்தை சப்பும்போது சுரக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும் என்பதால், தாய் தூங்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ராத்திரி வேளைக்குப் பாட்டில் கொடுப்பதும் எதிராகவே முடிகிறது. ஒரு வாரத்தில் பால் உண்மையாகவே குறைகிறது. முதல் நாள் சொன்னது பொய்யாக இருந்தது. ஏழாம் நாள் மெய்யாகிவிட்டது. தாயும் தன் உடம்பு தோற்றுவிட்டதாக நம்பத் தொடங்குகிறாள்.

விவரம் தெரிந்த ஒருவர் அந்த இரண்டாம் நாளில் என்ன செய்வார்? முதலில் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைப் பார்ப்பார். காம்பை மட்டும் நுனியில் கவ்வினால் தாய்க்குப் புண்ணாகும், பிள்ளைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். மோவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். குழந்தையின் தலையும் முதுகும் ஒரே கோட்டில், வயிறு தாயின் வயிற்றை ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு விழுங்கும் சத்தத்தைக் கவனிப்பார். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை கொடுப்பது இயல்பு என்று தாய்க்கும், இன்னும் முக்கியமாகத் தாயின் அம்மாவுக்கும் மாமியாருக்கும் சொல்வார். அழுகையை வைத்து அளக்காமல் சிறுநீரை எண்ணச் சொல்வார்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது போனால் பால் போய்ச் சேருகிறது. பிறந்த எடையில் ஏழு விழுக்காடு வரை முதல் சில நாட்களில் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வருவதும் வழக்கம்.

அவர் பொய் ஆறுதலும் சொல்ல மாட்டார். எடைக் குறைவு பத்து விழுக்காட்டை எட்டினால், குழந்தை எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தால், மஞ்சள் காமாலை கால்வரை இறங்கினால், சிறுநீர் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புவார். தைராய்டு கோளாறு, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, முன்பு நடந்த மார்பக அறுவை, பால் சுரப்பித் திசுவே குறைவாக அமைந்த உடல் என்று உண்மையிலேயே பால் போதாமல் போகும் தாய்மாரும் உண்டு. அவர்களுடைய குழந்தைக்குப் பால் பவுடர் மருந்து போன்றது. அதை மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. "தாய்ப்பால் கொடுக்காதவள் தாயா?" என்று கேட்கும் பிரச்சாரம் எனக்கு உடன்பாடானதல்ல. அது உதவி கேட்டு வர வேண்டியவளை ஒளிந்துகொள்ள வைக்கிறது.

நம் மரபு இந்த விஷயத்தில் வெறுங்கையோடு இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம், பச்சை உடம்புக்காரி என்று வேலை எதுவும் வாங்காமல் வைத்திருப்பது, பூண்டும் பால்சுறாப் புட்டும் கருவாடும் சமைத்துப் போடுவது இவையெல்லாம் ஒரு தாயைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுகள். பூண்டும் சுறாவும் பாலைப் பெருக்குமா என்பது வேறு கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட ஒருவர் இருப்பது நிச்சயம் உதவும். குறைமாதக் குழந்தைக்குப் பாட்டிலைத் தவிர்த்துக் கறந்த பாலைப் புகட்ட நம் வீட்டுப் பாலாடையை இன்று மருத்துவமனைகளே பயன்படுத்துகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மார்பில் பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். 1988இல் வேலூர் மருத்துவர்கள் அந்த மல்லிகையையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பால் வற்றுவதில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலன் இருப்பதைப் பதிவு செய்தார்கள்.

அதே மரபில் சேனை தொட்டு வைப்பதும் இருக்கிறது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்வதும், உரைமருந்தும், கழுதைப்பாலும், வெயில் காலத்தில் "நாக்கு வறளுமே" என்று கொடுக்கும் தண்ணீரும் இருக்கின்றன. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 விழுக்காடு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் குழந்தைக்கு வேறு தண்ணீர் தேவைப்படாது. பாட்டிகளை எதிரியாக நிறுத்திப் பேசும் சுகாதாரக் கல்வி இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. வீட்டில் முடிவெடுப்பவர் அந்தப் பாட்டிதான். கர்ப்பகால வகுப்புக்குப் பிள்ளைத்தாய்ச்சியை மட்டும் கூப்பிட்டு அவள் அம்மாவை வெளியில் பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும்.

மருத்துவமனைக்குள் நடப்பது அடுத்த சிக்கல். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அறுவை முடிந்த தாய்க்குப் பால் பெருகுவது தாமதமாகலாம். வலி, கையில் ஏறும் ட்ரிப்ஸ், திரும்பிப் படுக்க முடியாத நிலை, வேறு அறையில் வைக்கப்பட்ட குழந்தை எல்லாம் சேர்ந்து முதல் வேளைகளைத் தள்ளிப்போடுகின்றன. முதுகில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவையில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள்; அறுவை மேசையிலேயே குழந்தையை அவள் மார்பில் கிடத்த முடியும். பிடித்துக்கொள்ள ஒரு செவிலியர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செவிலியருக்கு அது வேலையாகக் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? ஆட்கள் குறைந்த இடத்தில் பால் பவுடர் டப்பா ஓர் ஆளின் வேலையைச் செய்துவிடுகிறது.

அந்த டப்பாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளுக்குத் தவறான பாலைத் தூக்கிப்பிடிக்கும் விளம்பரத்தைக் கொலை என்றே பெயர் சொல்லிப் பேசினார். உலக சுகாதார அவை பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுக்க மேலும் 42 ஆண்டுகள் ஆயின. 1981 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா மட்டும். இந்தியா 1992இல் தனிச் சட்டமே இயற்றி, 2003இல் அதை இறுக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்களையும், குழந்தை உணவுகளையும், பாலூட்டும் பாட்டில்களையும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, மருத்துவர்களுக்குப் பரிசோ மாநாட்டுச் செலவோ தரக் கூடாது. உலகின் கடுமையான சட்டங்களில் இதுவும் ஒன்று. இது தாய்மார்களுக்குத் தெரியாது. பிரசவ அறையில் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பவுடர் வாங்கிவரச் சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதும் தெரியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2016இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பிரசவத்துக்கு முன் நடத்தும் வகுப்புகள் மட்டும் தாய்ப்பால் கொடுப்பதைக் கூட்டுகின்றனவா என்று பார்த்தது. உறுதியாகச் சொல்லும்படி பலன் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய துணையைப் பற்றிய தொகுப்பாய்வு, 2022இல் புதுப்பிக்கப்பட்டபோது, நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி வேறு முடிவுக்கு வந்தது: பயிற்சி பெற்றவர் நான்கிலிருந்து எட்டு முறை வந்து பார்க்கும் ஏற்பாடு பலன் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வகுப்பறையில் நாம் கொட்டும் உழைப்பு எங்கே போயிருக்க வேண்டும் என்று விளங்கும்.

டாக்காவில் நடந்து 2000இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. தாய்ப்பால் கொடுத்துப் பழகிய உள்ளூர்ப் பெண்களுக்கு 40 மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கர்ப்பகாலத்தின் கடைசியில் தொடங்கி, பிரசவமானதும் அடுத்தடுத்தும், பிறகு ஐந்து மாதம் வரை பதினைந்து நாளைக்கு ஒரு தரமும் வீட்டுக்குப் போனார்கள். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் 70 விழுக்காடு. யாரும் போகாத பகுதியில் 6 விழுக்காடு. மூன்றாண்டு கழித்து வெளியான, ஹரியானாவில் அங்கன்வாடிப் பணியாளர்களையும் கிராமச் செவிலியர்களையும் கொண்டு செய்த சோதனையில் மூன்றாம் மாதத்தில் 79க்கு 48 என்ற வித்தியாசம் கிடைத்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது. பெலாரஸில் மருத்துவமனைகளின் நடைமுறையை மாற்றிச் செய்த பெரிய சோதனையில் 17,000 குழந்தைகள் இருந்தார்கள். மூன்றாம் மாதத்தில் 43.3க்கு 6.4. மூன்று நாடுகளும் வேறு வேறு. மூன்றிலும் பால் கொடுத்தவர்கள் சாதாரணத் தாய்மார்கள். அவர்களுக்குக் கிடைத்த உதவி மட்டும்தான் மாறியது.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். இலங்கையில் 2016இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவர்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு. அங்கும் சிசேரியன் குறைவில்லை. அங்கும் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அங்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். வித்தியாசம் குடும்பநல உத்தியோகத்தர் என்ற ஒருவர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்துவந்த ஏற்பாடு இது. ஏறக்குறைய 3,000 பேர் கொண்ட ஒரு பகுதிக்கு ஒருவர். யார் எப்போது கர்ப்பமானார் என்பது முதல் அவருக்குத் தெரியும். பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து தாயைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர் கடமை. ஒன்றரை மாதத்துக்குள் மேலும் இரண்டு முறை வருவார். யாழ்ப்பாணத்துத் தாய்க்கும், மட்டக்களப்புத் தாய்க்கும், மலையகத் தோட்டத்து லயத்தில் இருக்கும் தாய்க்கும் இதுவே விதி. பெரிய மருத்துவமனைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே தனி நிலையங்கள் உண்டு. காம்பு வெடித்தவள், பால் கட்டியவள், இரட்டைப் பிள்ளை பெற்றவள் அங்கே நேராகப் போகலாம்.

தமிழ்நாட்டில் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். பிறந்த குழந்தையை மூன்றாம் நாளும், பின் 7, 14, 21, 28, 42ஆம் நாட்களும் வீட்டில் சென்று பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தச் செவிலியரின் தலையில் தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, முகாம், பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவு என்று எத்தனையோ ஏறியிருக்கின்றன. வீட்டுக்கு வந்தாலும் எடை பார்த்து எழுதிக்கொண்டு போவதற்கே நேரம் சரியாகிவிடும். ஒரு வேளை பால் கொடுத்து முடிக்கும் வரை உட்கார்ந்து பார்க்க இருபது முப்பது நிமிடம் வேண்டும். நகரத்தில், அதிலும் தனியார் மருத்துவமனையில் பெற்று வீடு திரும்பியவளுக்கு, பணம் கொடுத்து ஆலோசகரை அழைத்தாலொழிய யாரும் வருவதில்லை. என் பார்வையில் 55.1 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த வெற்றிடம்தான்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்தது நல்ல செயல். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அத்தகைய வங்கிகள் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன. அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் ஓராண்டு எங்கே? 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் சட்டத்தில் இருக்கின்றன. முறைசாரா வேலையில் அந்தச் சட்டம் உள்ளே நுழைவதில்லை. இரண்டாம் மாதம் வேலைக்குத் திரும்புகிறவளுக்குக் கையால் பால் கறந்து வைக்க யாராவது சொல்லித்தர வேண்டும். மூடிய சுத்தமான பாத்திரத்தில், நம் வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், பாலாடையிலோ கிண்ணத்திலோ பாட்டி புகட்டலாம். இது ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியது.

செலவு என்று பார்த்தால் இது பெரிய தொகை கேட்கும் காரியமில்லை. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு தாய்க்கு அரசு ஏற்கெனவே 18,000 ரூபாய் ஒதுக்குகிறது. டாக்காவில் செய்ததுபோலப் பிள்ளை பெற்று வளர்த்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுத்து, முதல் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறையாவது வீட்டுக்கு அனுப்பலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இல்லாத ஊரில்லை. தொண்டு என்று சொல்லி அவர்களிடம் இலவச உழைப்பு வாங்கக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரு விதி வேண்டும்: எத்தனை குழந்தைகள் தாய்ப்பால் மட்டும் குடித்தபடி வீடு திரும்பின என்பதை ஒவ்வொரு ஆண்டும் வெளியிடட்டும்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இருந்தால், பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிசேரியன் ஆனாலும் குழந்தையை முதல் ஒரு மணி நேரத்தில் தாயிடம் தருவீர்களா? பால் கொடுக்கக் கூட இருந்து உதவும் செவிலியர் இரவிலும் இருப்பாரா? வீட்டுக்குப் போன பிறகு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? பதில் சரியாக வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பெற்றுக்கொண்டால், உங்கள் பகுதி செவிலியரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைத்து, வீடு திரும்பிய அன்றே அவரை அழையுங்கள்.